சிவபாலண்ணையின் கிளிக்குப் பசிக்கவில்லை

மிருக வைத்தியசாலையில் பறவைகளை நிறுத்துப் பார்ப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள், பறவையோடு அதன் சொந்தக்காரரும் வருவார் என்பதை மறந்துவிடுகிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று, சொன்னதையே நூறு தரம் சொல்லித் தொண்டை வற்றியவர்களே, தொண்ணூறுகளில் லண்டன் பிளேஸ்டோவில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சின்னத் துண்டு

சிவபாலண்ணைக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருக்க, இங்கே மூன்று கூட்டாளிகளோடு ஒரே வீட்டில் இருந்தார். அவருடைய பச்சைக்கிளியைத் தராசில் வைத்தேன். நூற்று முப்பது கிராம் இருக்க வேண்டியது நூற்றுத் தொண்ணூறு காட்டியது. இரண்டு தரம் சிறகடித்ததற்கே மூச்சு வாங்கியது.

ஈரலில் கொழுப்பு, இப்படியே போனால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். மனுஷனுக்கு முகம் கறுத்துவிட்டது. மகளுக்கு எழுதும் கடிதமெல்லாம் கிளியைப் பற்றித்தானாம். அவள் வரும்போது அது உயிரோடு இருக்க வேண்டும். என்ன சாப்பாடு என்று கேட்டேன். சூரியகாந்தி விதை, பட்டர் பூசிய பாண், சோறு, தட்டையாக மொறுமொறுவென்று பொரித்தெடுக்கும் பருத்தித்துறை வடை.

"வடை சின்னத் துண்டுதான் தங்கச்சி. எண்ணெயை டிஷ்யூவாலை ஒத்தி எடுத்திட்டுத்தான் குடுக்கிறனான்."

நாலு டிக்

நாலு பேருக்கும் நாலு ஷிப்ட். வேலையால் வருகிற ஒவ்வொருவரும் கிளி பட்டினி கிடக்கிறது என்று நினைத்து ஊட்டியிருக்கிறார்கள். பிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டி, சாப்பாடு போட்டவர் டிக் போட வேண்டும், அதைப் பார்த்து மற்றவர்கள் போடாமல் விட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் தாளோடு வந்தார். கிளி ஐந்து கிராம் கூடியிருந்தது. தாளில் நாளுக்கு நாலு டிக். எனக்கு வந்த கோபத்தில் அதைக் கிழித்தே போட்டேன்.

"ஏன் கோவிக்கிறியள்? ஒருத்தரும் டிக் போடாமல் குடுக்கேல்லை."

பார்க்கில் மூன்று சுற்று

கிளிக்கு உடற்பயிற்சி வேண்டும், தினமும் ஒரு மணி நேரம் வெளியில் விடுங்கள் என்றேன். ஒரு மாதம் கழித்து, நாள் தவறாமல் பார்க்குக்குப் போவதாகச் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் சந்தோஷம். தராசில் வைத்தால் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. விசாரித்தால், கூட்டைக் கையில் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று நடந்திருக்கிறார். கிளி உள்ளேயிருந்து வேடிக்கை பார்த்திருக்கிறது.

"எனக்கு நாலு கிலோ குறைஞ்சிட்டுது தங்கச்சி. அதுக்கு ஏன் குறையேல்லை?"

பாவப்பட்ட கிளி

பொறுத்தது போதும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அந்த வீட்டுக்குப் போய் நாலு பேரையும் நிற்க வைத்து ஏசினேன். வடை நின்றது. சிவபாலண்ணை மட்டும்தான் சாப்பாடு போடலாம். கரட்டும் கீரையும் வந்தன. ஜன்னலைச் சாத்திவிட்டு ஹோலுக்குள் பறக்கவிட்டார்கள். ஐந்து மாதத்தில் நூற்று முப்பத்தைந்து! மறுபடி அந்த வீட்டுக்குப் போய், திரைச்சீலைக் கம்பிவரை அது பறந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அப்போது பார்த்து, வெம்பிளியிலிருந்து வந்திருந்த அவருடைய மச்சாள் தேத்தண்ணீரோடு வந்து கிளியை உற்றுப் பார்த்தார்.

"வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டு என்னத்தைக் கண்டியள்?"

பிஸ்கற் டின்

விசா கிடைத்து மனைவியும் பத்து வயது மகளும் வந்து சேர்ந்தார்கள். அடுத்த வாரமே குடும்பமாகக் கிளியைக் கொண்டுவந்தார்கள். நூற்று நாற்பத்தெட்டு! நான் சிவபாலண்ணையை முறைத்தேன். சத்தியமாகத் தான் ஒன்றும் கொடுக்கவில்லை என்றார். கூட்டாளிகளும் இல்லையாம். மகள்தான் தலையைக் குனிந்துகொண்டு பையிலிருந்து ஒரு பிஸ்கற் டின்னை எடுத்தாள். உள்ளே பருத்தித்துறை வடை.

"கிளிக்கு வடையெண்டால் உயிரெண்டு அப்பா எழுதினவர். வழியிலை அம்மாவைக்கூடத் தொட விடாமல் கொண்டந்தனான்."

அன்று கிளிக்கு நான் செய்த ஒரே வைத்தியம், மிச்சமிருந்த வடைகளை எல்லாருமாகப் பங்குபோட்டு அதன் கண்முன்னாலேயே தின்று தீர்த்ததுதான். அதற்குப் பிறகு கூடியது என் நிறை மட்டுமே.