கீழ்த்தளத்து நாற்காலி

துனீசியாவின் தெற்கில் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில், அறிவியல் புலத்துக்கு டீன் யார் என்பதை ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறோம். அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். உண்மையில் அது எதிரே இருக்கும் காபிக் கடையில், சீட்டாட்டத்துக்கு நடுவில் முடிவாகிவிடும். கடையின் கீழ்த்தளம் ஆண்களுக்கு. பெண்கள் போனால் மாடிக்கு. அதற்குக் குடும்ப அறை என்று பெயர். ஓட்டில் பாதி பெண்களான எங்களுடையது. ஆனாலும் கல்யாணம் முடிந்தபின் மொய் எழுத மட்டும் அழைக்கப்பட்டவர்கள் நாங்கள்.

வேதியியல் நஜீபா துணை டீனாக உழைத்துத் தேய்ந்தவள். தேர்வு அட்டவணை, மாணவர் போராட்டம், ஆய்வகத்தில் தண்ணீர் நின்றுபோனால் அந்த ரகளை, எல்லாம் அவள் தலையில். கையெழுத்தும் கைகுலுக்கலும் டீனுக்கு. அந்த டீன் ஓய்வு பெற்றார். அடுத்தது தான்தான் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு?

அவள் அறையில் நாங்கள் இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கணிதத் துறைப் பேராசிரியர் ஹாதி வந்தார்; உஸ்தாத் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

"மேடம், நீங்க துணை டீனாவே இருந்துடுங்க. உங்கள விட்டா அந்த வேலைய யாரு பாப்பா?"

"அப்ப டீன் வேலைய யாரு பாப்பா?"

"நானா, புவியியல் முன்சிஃபான்னு பேசிக்கிட்டிருக்கோம். யாராவது ஒருத்தர் விட்டுக்குடுத்துடுவோம்."

"எங்க உக்காந்து பேசறீங்க?"

சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று சாயங்காலம் நஜீபா தெருவைக் கடந்தாள். நானும் கூடப் போனேன். கீழ்த்தளத்தில் புகை மூட்டம், மேசையில் சீட்டு அறையும் சத்தம். ஒரு நாற்காலியை இழுத்து, ஹாதிக்கும் முன்சிஃபுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். கடைக்காரர் ரிதா பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"மேடம், மேல குடும்ப அறை காலியாத்தான் இருக்கு."

"என் குடும்பம் வீட்ல இருக்குப்பா. இங்க உக்காந்திருக்கறது என் காலேஜு. ரெண்டு காபி குடு, சர்க்கரை கம்மியா."

முன்சிஃப் தொண்டையைச் செருமினார். "நாங்க சும்மா கால்பந்து பத்திப் பேசிட்டிருந்தோம்."

"பேசுங்களேன். எனக்கும் பிடிக்கும்."

பேசினார்கள், நாக்கு வறளும்வரை. பதவி கேட்பவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது அதைப் பங்கு போட எந்த ஆம்பளைக்கு வாய் வரும்? மறுநாள் பேருந்து நிலையத்துக் கடைக்கு மாறிப் பார்த்தார்கள். அங்கேயும் நஜீபா. அவளுக்குப் பின்னால் நான், உயிரியல் துறைப் பெண்கள், நிறைமாத வயிற்றோடு இயற்பியல் ஆசிரியை விசால். ஹாதி பொம்பளைகளோடு சீட்டாடுகிறார் என்று யாரோ அவர் மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அதோடு அவர் கடைப் பக்கம் வருவதே குறைந்தது.

நஜீபாவுக்கும் அவள் அண்ணனிடமிருந்து போன் வந்தது. "உன்னால ஊர்ல தலைகாட்ட முடியல!"

"அப்ப தலைய வீட்லயே வச்சுட்டுப் போண்ணே."

விட்டுக்கொடுப்பது யார் என்று முடிவாகாமலே தேர்தல் வந்தது. ஹாதியும் நின்றார், முன்சிஃபும் நின்றார். அவர்களின் ஓட்டு இரண்டாகப் பிளந்தது. எங்கள் ஓட்டு சிதறவில்லை. நஜீபா ஜெயித்தாள்.

ஹரீஸா மிளகாய் விழுதைக் கரண்டியோடு விழுங்கியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு ஹாதி வந்தார். "வாழ்த்துகள் மேடம். இனிமே நீங்க காபிக் கடைக்கெல்லாம் வர வேண்டாம். டீன் பதவிக்கு அது அழகில்ல."

நஜீபா கைப்பையை எடுத்துக்கொண்டு நேரே தெருவைக் கடந்தாள். என்ன செய்யப்போகிறாளோ என்று எல்லோரும் பின்னாலேயே போனோம். அதே கீழ்த்தளம், அதே நாற்காலி. ரிதா கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தார், சர்க்கரை கம்மியாக.

"காலேஜு விஷயம் இனிமே காலேஜுல, எல்லார் முன்னாடியும். இங்க சீட்டு மட்டும்தான்," என்றாள். "உஸ்தாத், கலைச்சுப் போடுங்க."

ஹாதி கலைத்தார். எனக்கும் சேர்த்துப் போடச் சொன்னேன்.