இரண்டாவது தடவை மூடியது

வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்ததும் ராஸ்லின் பெட்ச் திரும்பி வந்து கைப்பிடியை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள். ஹியூவான் ஆற்றோரம் அவள் குடியிருக்கும் இருபது வருஷத்தில் இது ஒரு நாளும் தவறியதில்லை.

அவள் நிரல் எழுதுவதும் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி கணினி நிரல்களின் நூலகம் ஒன்றைச் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தாள். ஒரு ஃபைலைத் திறந்தால் கணினி ஓர் எண் தரும். வேலை முடிந்ததும் அந்த எண்ணைச் சொல்லி மூட வேண்டும். மூடும் நேரத்தில் வேறு அவசரம் குறுக்கிட்டால் ‘தடைபட்டது’ என்று பதில் வரும். அப்படி வந்தால் மறுபடி மூடு என்று ராஸ்லின் ஒரு வரி சேர்த்திருந்தாள்.

கீத் மண்டே ஆற்று முகத்துவாரத்தில் சால்மன் மீன் வளர்க்கும் கூண்டுகளைக் கவனிப்பவன். இருபத்துநாலு கூண்டுகளிலும் ஆக்சிஜனை அளக்கும் பெட்டிகளில் அவள் நூலகம்தான் இருந்தது. போன கோடையில் ஒரு பெட்டியில் பழைய அளவே நின்றுபோனது. காற்றடிக்கும் இயந்திரம் அதை நம்பிச் சும்மா இருந்தது. ஒரு கூண்டு மீன் முழுக்க வயிறு மேலே தெரிய மிதந்தது.

ராஸ்லின் இரண்டு நாளில் காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

“தடைபட்டாலும் முதல் தடவையே மூடிடுது, கீத். அந்த நம்பர் உடனே வேற ஃபைலுக்குப் போயிடும். ரெண்டாவது தடவை நான் மூடினது உன் ஆக்சிஜன் ஃபைலை.”

“அப்போ உன் ஜாக்கிரதைதான் என் மீனைத் தின்னுச்சு.”

“ஆமா.”

“கொஞ்சம் மறுத்தாவது பேசு ராஸ்லின். திட்டக்கூட வாய் வரமாட்டேங்குது.”

அன்றே அந்த வரியை நூலகத்திலிருந்து நீக்கினாள்.

“சரி, புதுசைப் பெட்டியில ஏத்து,” என்றான் கீத்.

“ஏத்த வழி இல்ல. உப்புத்தண்ணி போகாம பிசின் ஊத்தி அடைச்சிருக்காங்க. செஞ்ச கம்பெனியும் மூடியாச்சு.”

“அவனுங்க மட்டும் ஒரே தடவையில மூடிட்டானுங்க பாரு.”

அவள் சிரிக்கவில்லை. மூன்று மாதம் முயன்றாள். ஒரு பெட்டியை ரம்பத்தால் அறுத்துப் புது நிரலை ஏற்றி, திரும்ப அடைத்துத் தண்ணீரில் இறக்கினார்கள். நாலாம் நாள் பெட்டி உள்ளே உப்பேறிச் செத்தது.

“போதும், விடு. இருக்கறதையும் அறுத்துடாத,” என்றான் கீத்.

நூலகம் இன்று சரியாக இருக்கிறது. இருபத்துமூன்று பெட்டிகளில் பழைய நிரல் ஓடுகிறது. கீத் காலையும் மாலையும் படகில் போய் நின்றுபோன அளவு இருந்தால் கலைந்து புதிதாக ஓடட்டும் என்று ஒவ்வொன்றின் மின்கம்பியையும் பிடுங்கிச் செருகுகிறான். இந்தக் கோடையில் இன்னும் இரண்டு கூண்டு மீன் செத்துவிட்டது.