மூன்றாவது வரி

வாடகைக்கு வீடு கேட்பவரைப் பற்றி ஓனருக்கு வாட்சப்பில் அனுப்ப உஷாராணி நான்கு வரி வைத்திருந்தாள்: பெயர், இனம் (மலாய், சீனர், இந்தியர்), வேலை, எத்தனை பேர். பதினாறு வருடமாக பிரிக்பீல்ட்ஸில் வீட்டு ஏஜெண்டு. பல ஓனர்கள் இரண்டாவது வரியைத் தாண்டமாட்டார்கள். 'சாரி, நோ இந்தியன்' என்று பதில் வரும். சிலர் கைகூப்பும் படத்தையும் சேர்த்து அனுப்புவார்கள். அனுப்பியவளும் இந்தியப் பெண்தான் என்பது அவர்களுக்கு உறைத்ததே இல்லை.

அய்யாவு என்பவருக்கு அப்படியே நாலு வீடு கைவிட்டுப் போனது. ஒவ்வொரு முறையும், "வீடு போயிருச்சுண்ணே" என்றாள். அவரும் நம்பியதுபோல் தலையாட்டினார். கம்பெனி லோரி ஓட்டுகிறவர். குடியிருந்த வீட்டை ஓனர் விற்றுவிட்டதால் மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மகள் தாமரைக்கு இந்த வருடம் எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதித் தேர்வு. பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தார்.

ஐந்தாவது வீட்டின் ஓனர் இராமலிங்கம், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழர் என்றதும் உஷாராணிக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியில் மூன்றாவது வரியில் வெறும் 'டிரான்ஸ்போர்ட்' என்று போட்டு அனுப்பிவிட்டாள். நம்மவர்தானே, இதையெல்லாமா நோண்டப்போகிறார்?

ஞாயிற்றுக்கிழமை அய்யாவு, அவர் மனைவி, தாமரை மூவரையும் கூட்டிக்கொண்டு உஷாராணி வீடு பார்க்கப் போனாள். அய்யாவு தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இராமலிங்கம் வாசலுக்கே வந்து அழைத்தார். காலி வீட்டைக் காட்டிவிட்டு, எதிரிலிருந்த தன் வீட்டில் உட்கார வைத்தார். டீ வந்தது.

"சயின்ஸா படிக்கிற? கெட்டிக்காரிதான்" என்று தாமரையிடம் சொன்னவர், அய்யாவு பக்கம் திரும்பினார். "டிரான்ஸ்போர்ட்னா, சொந்த கம்பெனியா?"

"இல்ல சார், லோரி டிரைவர். பதினோரு வருஷமா ஒரே இடம்."

"ஓ" என்றார் இராமலிங்கம். அப்புறமும் மெதுவாகக் குடிங்க, அவசரமில்லை என்று உபசரித்தார்.

லிஃப்ட் தரைத்தளத்தைத் தொடும் முன்பே உஷாராணியின் போன் அதிர்ந்தது. 'லோரிக்காரங்கன்னு நீங்க சொல்லலியே. நம்ம ஆளுங்கதான், இல்லங்கல. ஆனா இங்க டாக்டர், லாயர்லாம் இருக்காங்க. வேற ஃபேமிலி பாருங்க.'

கார் நிறுத்துமிடத்தில் மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு போயிருச்சு என்று சொல்ல வாய் எடுத்தாள். காலி வீட்டை இப்போதுதானே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"லோரி வேலைன்னு யோசிக்கிறாருண்ணே" என்றாள். "தப்பு எம்மேலயும்தான். முன்னாடியே எழுதியிருக்கணும்."

"அப்ப அந்த நாலு வீடு?" என்று கேட்டார் அய்யாவு.

"அது நாம இந்தியன்னு."

"அதான் தெரியுமேலா" என்று அய்யாவு சிரித்தார். "ஒவ்வொருத்தனையும் வீட்ல உக்காந்து நல்லா திட்டுவோம் தங்கச்சி. இவ ரெண்டு விடுவா, நான் நாலு விடுவேன். அப்புறம் சோறு இறங்கும். இந்த மனுஷன என்னன்னு திட்டுறது? எப்படித் திட்டினாலும் எம்மேலயே வந்து விழுது."

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

"எப்படி ஒண்ணு? அவன் என்னைப் பார்க்காமலே வேணாம்னான். இவரு பார்த்து, பேசி, என் பிள்ளைய மெச்சிட்டு வேணாங்கிறாரு."

"ஏன், அவனுங்க மட்டும் நல்லவனுங்களா?" என்று பாய்ந்தாள் அவர் மனைவி. "வாசப்படியவே காட்டல. இவராவது டீ குடுத்தாரு."

"ஆமா, சக்கரையே இல்லாம" என்றார் அய்யாவு.

மனைவி சிரிக்கப் போய், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டில் எது அதிகம் வலிக்கும் என்று உஷாராணி இதுவரை யோசித்ததில்லை. முதல் வலிக்கு அவளே பழகிப்போயிருந்தாள். இன்று வேலையை மறைத்து எழுதி, மூன்று பேரையும் உடுத்திக்கொண்டு வரவைத்து, இரண்டாவதன் முன் உட்கார வைத்ததும் அவள்தான்.

"சுங்கை பூலோவுல ஒரு வீடு இருக்குண்ணே" என்றாள் தயங்கியபடி. "தூரம்தான்."

"எழுதுங்க. லோரி டிரைவர்னே எழுதுங்க. வேணாங்கிறவன் போன்லயே சொல்லிடட்டும்."

அப்படியே எழுதி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: நாளைக்கு வந்து பார்க்கலாம்.

அய்யாவு மகளிடம் ஏதோ கேட்கத் திரும்பினார், கேட்கவில்லை.

"காலைல அஞ்சே முக்காலுக்கு ரயில் ஏறினா போதும்ப்பா, ஸ்கூலுக்கு நேரத்துக்குப் போயிடலாம்" என்றாள் தாமரை, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.