ஊரி என்று சொன்ன தோணிக்காரர்

ஏறாவூர்ப் பிடவை வியாபாரி ஒருவர் மாதத்தில் ஒருமுறை மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வருவார். போன கிழமை வந்தவர் ஒரு சாரத்தை உதறி விரித்துக்கொண்டே, "ஐயா கச்சேரில இருந்தவங்கதானே, ஆளைத் தெரிஞ்சிருக்கும். பொய்க்கார ஆதம்பாவா மௌத்து. வெள்ளிக்கிழமை அடக்கினது" என்றார். சொல்லிவிட்டு, சாரத்தின் கரை சாயம் போகாது என்று தொடங்கிவிட்டார். நான் ஒன்றும் வாங்கவில்லை. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூட்டையைக் கட்டினார்.

இறந்த மனிதருக்கு எழுபதுக்குமேல் வயது இருக்கும். அண்ணன் முறைக்கு ஆதம்பாவாக் காக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். மட்டக்களப்பில் பாதிப் பேருக்கு அவர் பொய்க்கார ஆதம்பாவா. இதை வாசிக்கும் உங்களில் பலர் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பட்டத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். அவர் மண்ணுக்குள் போனபிறகு இதை எழுதுகிறேன் என்பதே வெட்கக்கேடு. ஆனாலும் எழுதுகிறேன்.

கல்லடியில் பாலம் வருமுன் அவர் அந்தத் துறையில் ஆள் ஏற்றியவர். பாலம் திறந்தார்கள், கொடி கட்டினார்கள், மேளம் அடித்தார்கள். துறையில் நின்ற தோணிக்காரர்களைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்கள் மீன் பிடிக்கவும் விறகு வெட்டவும் போனார்கள். காக்கா மட்டும் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, வெளியூர்ப் பயணிகள் தங்கும் வாடி வீட்டுத் துறையில் கொண்டுபோய் நிறுத்தினார். கொழும்பிலிருந்து ரயில் வரத் தொடங்கியிருந்த காலம் அது. காலையில் வந்து இறங்குவார்கள். கிழக்கு மாகாணத்தின் தலைநகரை ஒரே பகலில் பார்த்து முடித்துவிட்டு அன்றைக்கே ரயிலேற வேண்டும் அவர்களுக்கு. ஒல்லாந்தர் கோட்டை, எருமைத்தீவு, வாவிக்கரைக் கோயில்கள், தென்னந்தோப்பில் மதியச் சாப்பாடு, பொழுது படும்போது பாலத்தடியில் பாடும் மீன். வாடி வீட்டுக் கதிரைகளை அந்தப் பலகையில் வரிசையாகப் போட்டு, தொப்பியும் குடையுமாக அவர்களை ஏற்றிக்கொண்டு, காக்கா கம்பை ஊன்றித் தள்ளுவார்.

நான் அப்போது கச்சேரியில், துரையின் அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர். துரைமாரின் விருந்தாளிகள் வந்தால் மொழிபெயர்க்க என்னை அனுப்புவார்கள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அதில் பெருமை தலைக்கேறியிருந்தது. வெள்ளைக்கார அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து போவது சின்ன விஷயமா? காக்கா ஒரு கரையைக் காட்டி "இதுல முதலை கிடக்கும்" என்பார். நான் அந்த முதலையின் நீளம், வயது, அது விழுங்கிய ஆட்களின் குலம் கோத்திரம் எல்லாம் சேர்த்து ஆங்கிலத்தில் அவிழ்ப்பேன். ஒருநாள் அவர் கம்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "கிளாக்கரையா, நான் நாலு சொல்லுத்தானே சொன்னன்? நீங்க நாப்பது சொல்றீங்க. மிச்சம் முப்பத்தாறும் ஆர்ர சொல்லு?" நான் சிரித்து மழுப்பினேன். அம்மா என்ன என்று கேட்டாள். முதலைக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்கிறார் என்றேன்.

கோட்டையிலும் அப்படித்தான். அங்கே ஒரு சுரங்கம் இருக்கிறது, கடலுக்கடியால் திருகோணமலை வரைக்கும் போகிறது என்று ஊரில் ஒரு கதை. வந்தவர்களுக்கு அதைக் கேட்டால் கண் விரியும். ஒரு கொழும்பு முதலாளி, சுரங்க வாசலைக் காட்டினால் நல்ல சன்மானம் தருவதாகச் சொன்னார். காக்கா மதிலடியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "சுரங்கம் இல்ல. எலிப் பொந்து இரிக்கி. காட்டட்டா?" முதலாளிக்குத் தமிழ் தெரியும், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பி வரும்போது நான் காக்காவைக் கடிந்துகொண்டேன். "பார்க்க வந்தவனுக்கு உள்ளதைக் காட்டுவன். இல்லாததைக் காட்ட நான் கூத்தாடியா?" என்றார். பிழைக்கத் தெரியாத மனிதர் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இனி அந்தப் பாட்டின் கதை. கோடையில், காற்று அடங்கிய மாலையில், பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பாகிய சவளின் அலகை நீரில் விட்டு அதன் பிடியில் காதை வைத்தால் ஒரு சத்தம் கேட்கும். ஈர விரலால் கண்ணாடிக் கிளாசின் விளிம்பைத் தேய்த்தது போன்ற சத்தம். மீன் பாடுகிறது என்று படித்தவர்கள் சொன்னார்கள், எழுதினார்கள். காக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வாவியின் அடியில் கிடக்கும் சின்னச் சங்கு போன்ற பூச்சியை எங்கள் பக்கத்தில் ஊரி என்போம். "ஊரி அழுகுது" என்பதுதான் அவர் சொல்வது. ஒருமுறை அவர் ஒரு சட்டி நிறைய ஊரியை அள்ளி வாவித் தண்ணீரோடு வைத்து, என் காதை அதனருகே பிடித்துக் காட்டினார். எனக்கு ஏதோ கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. மீனா ஊரியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன சொல் ஊரி. நான் ஆங்கிலத்தில் சொன்ன சொல் ஒவ்வொரு தடவையும் மீன். ஊரி அழுவதைக் கேட்க யார் கொழும்பிலிருந்து ரயிலேறி வருவார்கள்?

ஒரு நத்தார் விடுமுறையில், கிறிஸ்மஸுக்கு மறுநாள், விவகாரம் வந்தது. மாரி மழையில் வாவி கலங்கி, வெள்ளம் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்து, மீன் பாட்டுக் கேட்டே ஆகவேண்டும் என்று நின்றார். அன்றைக்கு நான் கூடப் போகவில்லை. "இப்ப கேளாது, கோடைக்கு வாங்க" என்று காக்கா கரையிலேயே சொல்லியிருக்கிறார். அவர்கள் கேட்கவில்லை, ஏறிவிட்டார்கள். மழையில் நனைந்ததுதான் மிச்சம். கோபத்தில் அவர் மீன் எங்கே என்று கத்த, காக்கா, மீன் எங்கே பாடினது, அது ஊரியல்லவா என்று சொல்லியிருக்கிறார். வந்தவர் கச்சேரிக்கு மனு எழுதிப் போட்டார்: அரசாங்க வாடி வீட்டுத் துறையில் பயணிகளை ஏமாற்றும் ஒரு தோணிக்காரன்.

விசாரணை நாளில் மொழிபெயர்க்கக் கூப்பிடப்பட்டவன் நான். வாடி வீட்டுத் துறையில் தோணி கட்டும் அனுமதி அவருக்கு இருக்குமா போகுமா என்பது அன்றைக்குத் தீர்மானம். விறாந்தையில் வைத்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "காக்கா, துரை கேட்டால் ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்க."

"என்னத்துக்கு ஓம்?"

"மீன் பாடும் எண்டதுக்கு."

"பாடினாச் சொல்லுறன்" என்றார்.

உள்ளே துரை என்னைப் பார்த்து, மீன் பாடுமா பாடாதா என்று இவனிடம் கேள் என்றார். கேட்டேன். காக்கா சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "மீன் பாடி நான் காணல்ல. ஊரிதான் அழுகுது. மாரியில அதுவும் இல்ல. அதை அவங்களுக்குக் கரையிலேயே சொன்னன்."

நான் என்ன சொன்னேன்? மீன் பாடுவது உண்மைதான், அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவரைக் காப்பாற்றுகிறேனாம்! துரையின் முகம் இளகியது. பேனாவை எடுத்தார். ஆனால் துறையில் வெள்ளைக்காரர்களையும் ஏற்றி இறக்கி இருபது வருடம் கழித்த மனிதரின் காதில் சில சொற்கள் ஏறாமலா இருக்கும்? காக்கா ஓரடி முன்னால் வந்தார். "நோ ஃபிஷ், சேர். ஷெல். ஷெல் க்ரை."

துரை பேனாவை வைத்துவிட்டார். ஒரு நிமிடத்துக்கு முன்னால் மீன் என்றான், இப்போது சங்கு என்கிறான், இது என்ன என்று என்னைக் கேட்டார். மீன் என்று சொன்னவன் நான்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் விசாரணையில் பொய்யாக மொழிபெயர்த்த கிளாக்கர் அன்று பின்னேரமே வேலை போய் வீட்டில் இருந்திருப்பான். இவர் மாற்றி மாற்றிப் பேசுகிறார் ஐயா என்றேன்.

துரை ஒரே ஒரு சொல் சொன்னார். 'லயர்' என்பது கதவடியில் நின்ற பியோனுக்கும் விளங்கும் சொல். அன்று மாலைக்குள் அது பொய்க்காரன் என்று தமிழாகி ஊருக்குள் போய்விட்டது. காக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. "கிளாக்கர் பிழையாச் சொல்றார்" என்று ஒரு வார்த்தை அவர் தமிழில் சொல்லியிருந்தால், அங்கே கேட்க ஆட்கள் இருந்தார்கள். அவர் சொல்லவில்லை. சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

துறை வேறொருவருக்குப் போயிற்று. அந்த ஆள் கெட்டிக்காரன். பலகைக்கடியில் ஒரு கண்ணாடிக் கிளாசை ஒளித்து வைத்து, மாரியென்ன கோடையென்ன, விரலை நனைத்துத் தேய்த்துக்கொண்டேயிருப்பான். விருந்தாளிகள் கைதட்டினார்கள். மீன் பாடுகிறது என்று நான் மொழிபெயர்த்தேன். அவனை ஒருவரும் பொய்க்காரன் என்று சொல்லவில்லை.

உலகச் சண்டைக் காலத்தில் ஒருநாள் சைக்கிளில் போகும்போது காக்காவைக் கண்டேன். யாரோ ஒரு போடியாரின் வயல் வட்டையில், விளைந்த நெல்லுக்குக் குருவி துரத்திக்கொண்டிருந்தார். வரம்பில் நின்று, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். "விடுங்க கிளாக்கரையா. நீங்க என்னைக் காப்பாத்தத்தான் பார்த்தீங்க. ஆனா என்ட வாயை எனக்கு விட்டிருக்கலாம்." பிறகு குருவியைப் பார்த்துக் கத்திக்கொண்டு அடுத்த வரம்புக்குப் போய்விட்டார். அதற்குப்பிறகு நாங்கள் பேசவில்லை.

செய்தி கேட்டதற்கு மறுநாள் ஏறாவூருக்குப் போனேன். வாசலில் நின்று யாரென்று சொன்னதும் அவருடைய மகள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரை எடுத்துப் போட்டாள். இரண்டு பிள்ளைகளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "இவங்கதான் வாப்பா சொல்ற கிளாக்கரையா" என்று அவர்களுக்குச் சொன்னாள். பிறகு என்னிடம், "ஊரு ஆயிரம் சொல்லட்டும் ஐயா. வாப்பா எங்களுக்கு எல்லாம் சொல்லியிரிக்கார். அண்டைக்குக் கச்சேரில, 'இந்த மனிசன் பொய் சொல்லமாட்டான்' எண்டு துரைக்கு முன்னால நிண்டு கதைச்சது நீங்க ஒராள்தானாமே. மௌத்தாக முந்தின கிழமையும் சொன்னார். தேத்தண்ணி குடிங்க" என்றாள்.

குடித்தேன். அவளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இனிப்பாக இருந்த தேத்தண்ணியை அடிவரைக்கும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். மகளே, இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டுவார்கள். நான் அப்படி ஒன்றும் கதைக்கவில்லை. உன் வாப்பாவின் சொல்லைத் திருப்பியவன் நான், அதற்குப் பிறகும் வாயைத் திறக்காதவன் நான்.

தோணி போனாலும் துறை போனாலும் ஒரு மீனைப் பாடவைக்க மறுத்த மனிதர், தன் பிள்ளைகளுக்கு முன்னால் நான் தலைகுனியக்கூடாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்து ஆதம்பாவாக் காக்கா சொன்ன பொய் அது ஒன்றுதான். அதைத்தான் எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.