நான் நின்ற பக்கம்

“அண்ணே, ஃப்ரேம்ல வர்றீங்க. அந்தப் பக்கம் போயி நில்லுங்க.”

அசிஸ்டென்ட் டைரக்டர் தம்பி இப்படிச் சொன்னதும் நான் கிரேனைத்தான் திரும்பிப் பார்த்தேன். அவர் கையைக் காட்டியது கிரேனுக்கு வலது பக்கம். கிரேன் ஓட்டுகிற வரதனுக்கு வலது கண் தெரியாது. அந்த இடத்தில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அவனும் நானும்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் தயாளன், சிக்னல்மேன். ஒரகடத்தில் கம்பெனிகள் வர ஆரம்பித்த காலத்திலிருந்து லாரியில் வரும் மெஷின்களை இறக்குவதுதான் பிழைப்பு. பெல்ட் கட்டி, ஹூக்கில் மாட்டி, கீழே நின்று கையைக் காட்டுவேன். தூக்கு, இறக்கு, மெதுவா, நிறுத்து, எல்லாமே கைதான். அந்த இரைச்சலில் வாயால் கத்தினால் ஒரு மண்ணும் கேட்காது. வரதன் வாலாஜாபாத்துக்காரன். அவன் ஹைட்ரா கிரேன் ஓட்ட, நான் கை காட்ட, இப்படியே இரண்டு பேருக்கும் நரை விழுந்தது. சொந்தமில்லை, பந்தமில்லை. ஆனாலும் என் பெண் கல்யாணத்தில் பந்தலுக்கும் சமையலுக்கும் அலைந்தவன் அவன்தான்.

சுகர் ஏறி அவனுக்கு வலது கண்ணில் புகை மூடியது. “வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் பூடும்டா. அப்பால நான் இன்னா பண்றது? ஏதாவது கம்பெனி கேட்ல குந்திக்கினு சல்யூட் அடிக்கிறதா?” என்றான். வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து எந்த சைட்டுக்குப் போனாலும் இடது பக்கமே நின்றேன். லோடும் என் கையும் அவனுடைய நல்ல கண்ணுக்குள் ஒன்றாக அடங்க வேண்டும். ஏன் இங்கேயே நிற்கிறாய் என்று சூப்பர்வைசர் கேட்டால் வெயில் என்பேன், தூசி என்பேன். மூன்று வருஷம் எதுவும் கீழே விழவில்லை. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அப்போதுதான் இந்தப் படம் வந்தது. சேரப்பணஞ்சேரி பக்கம் மூடிக்கிடந்த ஒரு ஷெட்டில் ஷூட்டிங். ஒன்றாக வளர்ந்து ஒன்றாக ரவுடியான இரண்டு நண்பர்களின் கதை. எங்கள் ஓனர் ஹைட்ராவை வாடகைக்கு அனுப்பினார். “சினிமா வேலை, பிரியாணி போடுவாங்க, ஜாலியா போயிட்டு வாங்க” என்றார். பிரியாணி போட்டார்கள்தான். எனக்குத்தான் இறங்கவில்லை.

எடுக்கப்போகிற சீன் இதுதான். எதிரி கும்பல், ஹீரோவின் நண்பனை கிரேனில் தலைகீழாகத் தொங்கவிட்டு, “அவன் எங்கடா?” என்று கேட்கும். இவன் சொல்ல மாட்டான். தலை தரையில் இடிக்கிற மாதிரி இறக்கி, ஒரு சாண் இருக்கும்போது நிறுத்த வேண்டும். ஹூக்கில் ஆளை மாட்டவே கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதைச் சொன்னேன். ஃபைட் மாஸ்டர் என் தோளில் கை போட்டு, “தலைவரே, நான் காலம் பூரா ஆளத்தான் தொங்கவுட்டுக்கினு கீறேன். இடுப்புல பெல்ட் கீது, கால்ல பெல்ட் கீது. நீங்க கரெக்டா நிறுத்துனா போதும்” என்றார்.

காலையில் கேமரா கிட்டத்தில் இருந்தது. நான் இடது பக்கம் நின்றேன், வேலை வழுக்கிக்கொண்டு போனது. மத்தியானம் முழு ஷெட்டும் தெரிகிற மாதிரி கேமராவைப் பின்னால் கொண்டுபோனார்கள். அப்போது சொன்னதுதான் அந்த ஃப்ரேம் பேச்சு.

வலது பக்கம் போய் நின்றேன். முதலில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு ஒத்திகை. நிறுத்து என்று கையை மடக்கினேன். மூட்டை நிற்கவில்லை. தரையில் இடித்து, தையல் பிரிந்து மணல் கொட்டியது. டைரக்டர் கைதட்டி, “செம்ம! இதே ஸ்பீடுல வேணும்” என்றார். பாவி மனுஷன், அவருக்கு என்ன தெரியும்!

கேபின் படியில் ஏறினேன்.

“வரதா, தலை சுத்துதுன்னு சொல்லி எறங்கிடு. ஓனர்கிட்ட வேற ஆளக் கேக்கலாம்.”

“ஒரே ஷாட்டுடா. தலைய திருப்பிக்கினு உன்னையே பாக்குறேன்.”

“என்னைப் பாத்தா லோடு தெரியாதேடா.”

“அத்த நான் பாத்துக்கறேன். நீ போயி கைய காட்டு.”

கெஞ்சுகிற குரல். அவன் என்னிடம் கெஞ்சி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

படத்து நண்பனுக்கு டூப் போடுகிறவரை ஹூக்கில் மாட்டிவிட்டார்கள். முப்பது வயது இருக்கும். இன்னும் தூக்கவில்லை, தரையில்தான் மல்லாந்து கிடந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, “பாத்து நிறுத்துங்கண்ணே. உங்க கையத்தான் நம்பிக்கினு கீறேன்” என்றார்.

எல்லாரும் ரெடி என்றார்கள். தூக்கு என்று நான் கை காட்ட வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். டைரக்டர் மைக்கில், “இன்னாய்யா ப்ராப்ளம்?” என்று கத்தினார்.

“ஆபரேட்டருக்கு வலது கண்ணு தெரியாது சார். நான் இங்க நின்னா என் கை அவருக்குத் தெரியாது.”

ஃபைட் மாஸ்டர் ஓடிவந்து தன் ஆளை அவிழ்த்தார். “இத இப்பத்தான் சொல்றியாய்யா? நீயெல்லாம் மனுஷனா?” என்று என்னைத் திட்டினார். நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். வரதன் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினான். யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டி நடந்தான்.

ஓனர் வேறு ஆபரேட்டரை அனுப்பினார். நானே கை காட்டினேன், ஷாட் ஓகே ஆனது. டூப் போட்டவரை இறக்கிவிட்டு நடிகரை மாட்டி வசனம் எடுத்தார்கள். “உசுரே போனாலும் என் நண்பனக் காட்டிக்குடுக்க மாட்டேன்டா!” யூனிட்டே கைதட்டியது. எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே டீக்கடை பெஞ்சில் வரதன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“மூணு வருஷம் சொல்லாதவன் இன்னிக்கி ஏண்டா சொன்ன?”

“மூணு வருஷமா தொங்குனது இரும்புடா. இன்னிக்கி மனுஷன்.”

“கீழ நின்னது யாரு? மூணு வருஷமா என் லோடுக்குக் கீழ நீதான நின்ன? நீ மனுஷன் இல்லியா? உன் உசுருக்கு நான் ஆவேன், எவனோ ஒருத்தன் உசுருக்கு ஆவ மாட்டனா?”

அவன் எழுந்து வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

பதில் வீட்டுக்குப் போய்ப் படுத்தபிறகுதான் வந்தது. என் உயிர் என்னுடையது, அதை உன் கையில் கொடுத்தேன். அந்த ஆளின் உயிரைக் கொடுக்க நான் யார்? இதை நேரில் சொல்ல அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி வாசலிலேயே நின்று, “அவரு வூட்ல இல்லண்ணா” என்றாள். உள்ளே அவன் இருமியது கேட்டது. அவளும் நானும் அது கேட்காத மாதிரியே நின்றோம். வாங்கிப்போன பழத்தை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது அவன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நானும் அலுத்துப்போய் வேலையை விட்டாயிற்று. கிரேன் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கூட்டாளிக்குக் கண்ணோ கையோ மட்டுப்பட்டால் அன்றைக்கே ஓனரிடம் சொல்லித் தொலையுங்கள். நாலு கெட்ட வார்த்தையில் திட்டுவான், பத்து நாள் பேச மாட்டான், பிறகு கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா என்று உங்களையே கூப்பிடுவான். நான் மூன்று வருஷம் அவனுக்காக ஒளித்துவிட்டு, ஒரே ஒருநாள் உண்மையைச் சொன்னேன். அந்த மூன்று வருஷம் யாருக்கும் தெரியாது. அந்த ஒருநாளுக்காக வாலாஜாபாத்தில் என் பெயர் காட்டிக்கொடுத்தவன்.