மேற்குச் சுவரில் ஒரு சன்னல்

அடுப்படிப் புகை வெளியே போக ஒரு சன்னல் வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மாசியில்தான் வைத்தார்கள்.

கிழக்குச் சுவருக்கு அப்பால் வீட்டுக்காரருடைய அண்ணன் முற்றம். பாகம் பிரித்த பிறகு எங்கள் புகை அங்கே போனால் சண்டை. வடக்கிலும் தெற்கிலும் வீட்டு அறைகள். பாக்கி இருந்தது மேற்குச் சுவர்தான். அதை உடைத்தார்கள். கோடை முழுவதும் புகை ஒழுங்காக வெளியே போனது.

இன்று காலை சாரல் விழத் தொடங்கியது. மேற்கேயிருந்து மலைக்காற்று சன்னல் வழியே புகுந்து, புகையை மொத்தமாக என் மூஞ்சியில் அடித்தது. அடுப்பும் நனைந்து அணைந்தது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏட்டி, ஒரு சாக்கை வச்சு அடை. ஆவணி வரைக்கும் தானே," என்றார்.

சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தபோது, குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற ஒரு ஆச்சி வில்வண்டியை நிறுத்தித் தண்ணீர் கேட்டாள். செம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னா காத்து! மேலகரத்துல வீடு இருக்கதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்," என்றவள், என் கண்ணைப் பார்த்துவிட்டாள். "ஏம்மா, அழுதியா?"

"அழல ஆச்சி. சன்னல் வச்சிருக்கோம்," என்றேன்.

புகை வெளியே போகிற அடுப்படி உங்களில் யாருக்காவது உண்டா? சொல்லுங்கள், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.