பிறந்த தேதிக் கட்டம்

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்தில் ஒரு மாடி அறை. சனிக்கிழமைகளில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை எங்களுக்கு. அதன்பிறகு வீணை வகுப்புக்காரர்கள் வந்துவிடுவார்கள். நான் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம் கழித்துக்கட்டிய ஆறு கணினிகளைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, ஆட்டோவில் இரண்டு நடை அடித்துக் கொண்டுவந்து சேர்த்தேன். என் கூட்டாளி, அடையாறில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். முதியோருக்கு இலவசக் கணினி வகுப்பு என்று காய்கறிக் கடையிலும் மருந்துக் கடையிலும் நோட்டீஸ் ஒட்டினோம். பதினான்கு பேர் வந்தார்கள். கம்ப்யூட்டருக்கு இரண்டு பேருக்கு மேல் ஆகிவிட்டது.

எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் முதல் நாளே ஒரு விதி போட்டேன்: சொல்லிக்கொடுப்பவர் மாணவரின் கீபோர்டைத் தொடக்கூடாது, வாயால் மட்டுமே சொல்ல வேண்டும்.

"இந்த ரூல் எனக்கா, உங்களுக்கா சார்?" என்று கேட்டார் ஆசிரியை. எனக்குத்தான்.

மவுஸை எப்படிப் பிடிப்பது என்று ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருந்தேன். எழுபதை நெருங்கும் ஓர் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி, ஒரு தாளை இடது பக்கம் வைத்துக்கொண்டு தடதடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டார். திரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடித்த அடியில் கீபோர்டு மேஜையில் நகர்ந்துகொண்டே போனது. பக்கத்தில் இருந்தவர், வடபழனியில் சினிமா லைட்மேனாக இருந்தவர், வாயைப் பிளந்தார்.

"யம்மாடி, இன்னா ஸ்பீடு!"

"டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். தி.நகர்ல ஜாப் டைப்பிங் கடையில முப்பது வருஷம்" என்றார் அம்மா, விரல்களை நிறுத்தாமல்.

மூன்றாவது வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எதற்காக வகுப்புக்கு வருகிறார் என்று சொன்னார். "எத்தனையோ பேருக்கு தீசிஸ் அடிச்சுக் குடுத்திருக்கேன் சார். அவங்கல்லாம் டாக்டர் ஆயிட்டாங்க. நான் பி.யு.சி.யோட நிக்கிறேன். பி.ஏ. ஹிஸ்டரி படிக்கணும். வீட்ல சொல்லல. பையன்கிட்ட ஃபார்ம் போடச் சொன்னா, இந்த வயசுல எதுக்கும்மான்னு ஆரம்பிப்பான். நானே போட்டுட்டு, சீட்டு கிடைச்சப்புறம் சொல்லிக்கிறேன்."

திறந்தநிலைப் பல்கலைக்கழக விண்ணப்பம், ஆன்லைனில் மட்டும். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றுவதற்கே இரண்டு சனிக்கிழமை போய்விட்டது. மூன்றாவது சனிக்கிழமைதான் கடைசி நாள்.

அன்று பதினொன்றரைக்கு எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, ஒன்றைத் தவிர. பிறந்த தேதியை அடித்தால் 'தேதி தவறு' என்று சிவப்பில் வந்தது. அம்மா திரும்ப அடித்தார். திரும்பச் சிவப்பு. நான் திரையைப் பார்த்தேன். ஏப்ரல் பதினொன்று, வருஷம், எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. இதில் என்ன தப்பு? இருபது வருஷம் புரோகிராம் எழுதியவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்றால் எப்படி இருக்கும்! நெட் மெதுவாக இருக்கிறது என்றார் ஆசிரியை. "மிஷினுக்கு அம்மா மேல இன்னா கோவமோ தெரியல" என்றார் லைட்மேன். அம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஆறாவது தடவையும் சிவப்பு. மணி பதினொன்று ஐம்பது. படியில் யாரோ வீணையைத் தூக்கிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது.

"நகருங்கம்மா" என்று கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டேன். ஒரே தடவை அடித்தேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. பெரிய வீரன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, 'சமர்ப்பி' பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனேன்.

"இருங்க" என்றார் அம்மா.

பையிலிருந்து சான்றிதழை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, விரலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். அடித்த எதையும் மூலத்தோடு சரிபார்க்காமல் அவர் கையைவிட்டு அனுப்பியதே இல்லையாம். தேதிக்கு வந்ததும் விரல் நின்றது.

"நவம்பர் நாலுன்னு போட்டிருக்கீங்க தம்பி. நான் ஏப்ரல் பதினொன்னு."

அதுவரை 'சார்' என்றவர் 'தம்பி'க்கு இறங்கிவிட்டார். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு உழைத்து உழைத்து மாதத்தை முதலில் எழுதும் பழக்கம் என் கையில் ஊறிக் கிடந்தது. கட்டத்துக்கு மேலேயே நாள், மாதம், வருடம் என்று போட்டிருந்தார்கள். நான் அதைப் படிக்கவில்லை. இப்படியே அனுப்பியிருந்தால் சான்றிதழோடு ஒத்துப்போகாமல் விண்ணப்பம் திரும்பியிருக்கும். வெட்கமாகப் போய்விட்டது. அவர் அடித்த தப்பையாவது கணினி சொன்னது. நான் அடித்ததை அது வாயை மூடிக்கொண்டு விழுங்கியிருந்தது.

"அழிங்க, நானே அடிக்கிறேன். எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

இந்தத் தடவை நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் விரல்களைப் பார்த்தேன். 'ஒன்று' வரும்போதெல்லாம் வலது மோதிர விரல் நடு வரிசையில் ஆங்கில எல் எழுத்தைத் தட்டியது. சின்ன எல் திரையில் அச்சு அசல் ஒன்று மாதிரியே தெரியும்.

"அம்மா, ஒன்னுக்கு எங்க அடிக்கிறீங்க?"

"எல்லுலதான். எங்க மெஷின்ல நம்பர் ரெண்டுலேர்ந்துதான் ஆரம்பிக்கும். ஒன்னுக்குத் தனியா கீ ஏது?"

எனக்கு ஒரு நிமிஷம் அவசரமே மறந்துவிட்டது. இத்தனை தீசிஸ்களிலும் ஒன்று என்று நாம் படித்ததெல்லாம் எல்தானா? மேல் வரிசையின் இடது ஓரத்தைக் காட்டினேன். அந்தக் கீயை அவர் ஏதோ புதுப் பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு இடது சுண்டுவிரலை எட்டி நீட்டி, முதல் தடவையாக மெதுவாக அடித்தார். பச்சை வந்தது. சான்றிதழோடு இன்னொரு தடவை ஒப்பிட்டுவிட்டு அவரே 'சமர்ப்பி'யை அழுத்தினார். விண்ணப்ப எண் வந்ததும் லைட்மேன் விசில் அடித்தார். வீணைக்காரர்கள் கதவருகே முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதையும் விரல் வைத்து ஒரு தடவை வாசித்தார்.

"பரீட்சையும் இதுலயே அடிக்கலாமா தம்பி?"

"இல்லம்மா, கையாலதான் எழுதணும். மூணு மணி நேரம்."

என் சட்டைப்பையிலிருந்து பேனாவை வாங்கி, அந்தத் தாளின் பின்பக்கம் தன் பெயரை எழுதிப் பார்த்தார். எழுத்து நடுங்கி நடுங்கிக் கோணிக்கொண்டு போனது.

"கண்றாவியா இருக்கு" என்றார். "போற வழியில கோடு போட்ட நோட்டு ரெண்டு வாங்கிக்கணும்."